பல் விளக்கினால் அம்மா வருவாள்

அலோர் காஜா
8 செப்டம்பர் 2024

அக்கா,

நலமா என்று தொடங்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது. நீ இருக்கிற இடத்துக்கு அந்தக் கேள்வி கேலி செய்வதுபோல் ஆகிவிடும். அதனால் தாரணியிலிருந்தே தொடங்குகிறேன்.

போன முறை அங்கே உனக்குப் பேச ஃபோன் கொடுத்தபோது நீ அழுதாய். நான் "ம், ம்" என்று சொல்லிக்கொண்டே நின்றேன். நீ வைத்த பிறகுதான் சொல்ல நினைத்ததெல்லாம் ஞாபகம் வந்தது. யூனிவர்சிட்டியிலும் எனக்கு அப்படித்தான். வகுப்பின் முன்னால் நின்று பேச வேண்டிய நாளில் காய்ச்சல் வந்துவிடும். எழுதினால்தான் எனக்கு வார்த்தை வருகிறது. அங்கே கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் தருவார்கள் என்றாய். படிக்கட்டும். உன் மகளின் பல்லைப் பற்றித்தானே எழுதப்போகிறேன்.

பாலர்பள்ளிக்குப் பல் பார்க்கும் நர்ஸ் மிஸ்ஸிகள் வந்திருந்தார்கள். எல்லாப் பிள்ளைகளையும் வரிசையாக உட்கார வைத்து, டார்ச் அடித்து வாயைப் பார்த்தார்கள். தாரணியை மட்டும் கிளினிக்குக் கூட்டிவரச் சொல்லிவிட்டார்கள். ஆபீசில் லீவு போட்டுக் கூட்டிப் போனேன். பல் டாக்டர் ஒரு மலாய்க்காரப் பெண். என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருப்பார். "நீங்கள்தான் இவள் அம்மாவா?" என்று கேட்டார். நான் தலையாட்டிவிட்டேன். இல்லை என்றால், அம்மா எங்கே என்பதுதான் அடுத்த கேள்வி. அதற்குப் பதில் சொல்கிற தைரியம் எனக்கு இல்லை. ஆகையால் உனக்கு வர வேண்டிய திட்டை எல்லாம் நான்தான் வாங்கிக்கொண்டேன்.

மேல்வரிசை முன்பற்கள் ஈறோடு கரைந்து பழுப்பாகிவிட்டன. கடைவாய்ப் பற்களில் குழி. போத்தலை வாயில் வைத்துக்கொண்டே தூங்கும் பிள்ளைகளுக்கு இப்படித்தான் ஆகுமாம். இனிப்புப் பால் ராத்திரி முழுக்கப் பல்லிலேயே தேங்கி நிற்கும் என்றார். அதைக் கேட்டபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெத்தம்மா ஆண்ட்டியிடம் கேட்டேன். பிள்ளையைப் பகலில் பார்த்துக்கொள்பவர் அவர்தானே. அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. "ஒங்கக்கா தெங்கேராவுல ஃபோன் கடைய மூடிட்டு வர லேட்டாவும்லா. அது வரைக்கும் புள்ள கத்திக்கிட்டு கெடக்கும். டின் பால கலக்கி போத்தல வாயில வெச்சா கப்சிப்னு தூங்கிடும். பால்பல்லு தானம்மா, நாளைக்கு விழப்போறது. விழப்போற பல்லுக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டமா?"

அதற்கும் டாக்டர் பதில் சொல்லியிருந்தார். பால்பல்தான் புதுப்பல்லுக்கு இடம் பிடித்து வைக்கிறதாம். அதைவிட முக்கியம், இந்த வயதில் வராத பழக்கம் பிறகு வருவது கஷ்டமாம். இரவு படுக்கும் முன் கட்டாயம் விளக்க வேண்டும். பட்டாணி அளவு பேஸ்ட் போதும். பிள்ளை தானே விளக்கினாலும் கடைசியில் பெரியவர்கள் ஒருமுறை விளக்கிவிட வேண்டும், ஏழெட்டு வயது வரைக்கும். அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து, தலையை மடியில் சாய்த்துக்கொண்டால் வாய் நன்றாகத் தெரியும் என்று செய்தும் காட்டினார்.

வீட்டில் செய்து பார்த்தேன். என் விரலைக் கடித்துவிட்டாள். அப்பா ஹாலிலிருந்து, "புள்ளைய கொல்றியா, விடு" என்று சத்தம் போட்டார். உன் பெயரை இந்த வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்று வைத்திருப்பவர், உன் மகளுக்கு மட்டும் ஒன்று என்றால் தாங்கமாட்டார். தினமும் செக்யூரிட்டி வேலை முடிந்து வரும்போது அவளுக்கு ஒரு மிட்டாய். வேண்டாம் என்று நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை.

நீ எப்படி விளக்கிவிடுவாய்? ஏதாவது பாட்டு இருக்கிறதா, கதையா? எழுது. தினமும் அவளை அழவைத்துத் தூங்கவைக்க என்னால் முடியவில்லை.

அகல்யா

*

29 செப்டம்பர் 2024

அகல்யாவுக்கு,

உன் கடிதம் வந்தது. தமிழ் தெரிந்த வார்டன் புவான் லீவில் இருந்தாராம், அதனால் தாமதம்.

நான் எப்படி விளக்கிவிடுவேன் என்று கேட்டிருக்கிறாய். நான் இரவில் அவளுக்குப் பல் விளக்கிவிட்டதே இல்லை. போதுமா? காலையில் அவளே பிரஷை வாயில் வைத்துச் சப்பிவிட்டு வருவாள். பேஸ்ட் இனிப்பாக இருக்கும், அதைத் தின்பாள். நான் பஸ் பிடிக்க ஓடுவேன். நீ புத்தகம் படித்துப் பிள்ளை வளர்க்கிறாய். நான் அப்படி வளர்க்கவில்லை. அவள் தூங்கிய பிறகு வீட்டுக்கு வந்து, தூங்கும் பிள்ளையின் வாயிலிருந்து போத்தலை உருவுவேன். அது ஒன்றுதான் அவளுக்கும் எனக்கும் அந்த நேரத்தில் இருந்தது. உருவும்போது உதடு சப்பிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவேன்.

திட்டு வாங்கியதைச் சொல்லிக்காட்ட வேண்டியதில்லை. நீ இல்லாவிட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். வசந்தன் என் ஏடிஎம் கார்டைக் கேட்டபோது புது வேலையில் சம்பளம் போட என்றுதான் சொன்னான். பெற்ற பிள்ளைக்குத் தகப்பன் கேட்கிறான் என்று கொடுத்தேன். யார் யாரையோ ஏமாற்றிய காசு அதில் வந்து போயிருக்கிறது. கார்டு என் பெயரில். அவன் எங்கே என்று போலீசுக்கே தெரியவில்லை. நான் இங்கே காலையில் வரிசையில் நின்று பல் விளக்குகிறேன்.

சரி, கேள். அவளைப் பயமுறுத்தாதே. பூச்சி கடிக்கும், ஊசி போடுவார்கள் என்று சொன்னால் இன்னும் மூடிக்கொள்வாள். என்னைப் போல. ஆசை காட்டு. ஜனவரி கடைசியில் விட்டுவிடுவார்கள் என்று புவான் சொன்னார். நான் சிங்கப்பூரில் வேலை செய்கிறேன் என்றுதானே அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவளிடம் சொல்: "தினமும் நல்லா பல்லு வெளக்குனா, பல்லெல்லாம் வெள்ளையாவும். அம்மா சிங்கப்பூர்லேர்ந்து வந்து பாப்பாங்க." எப்படியும் நான் வரத்தானே போகிறேன். பொய் இல்லையே.

இந்திரா

*

அலோர் காஜா
17 நவம்பர் 2024

அக்கா,

நீ சொன்னதை உடனே செய்யவில்லை. பழக்கத்தை ஆசையில் கட்டக் கூடாது என்று தோன்றியது. வேறு எல்லாம் செய்து பார்த்தேன். பாட்டுப் போட்டேன். பொம்மைக்கு முதலில் விளக்கினேன். அவளை என் பல்லுக்கு விளக்கிவிடச் சொன்னேன். அதை மட்டும் ஆசையாகச் செய்தாள், என் ஈறு வீங்கியதுதான் மிச்சம். தீபாவளிக்கு மறுநாள் முறுக்கும் நெய் உருண்டையும் ஒட்டிய வாயோடு தூங்கப் போனாள். எனக்கு அலுத்துவிட்டது. சொல்லிவிட்டேன்.

"நெசமாவா சித்தி?"

"நெசமாத்தான்."

அவ்வளவுதான். தானே போய் பாத்ரூம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தலையைப் பின்னால் சாய்த்து, வாயை ஆவென்று திறந்துகொண்டாள். டாக்டர் காட்டித் தந்த மாதிரியே. அன்றுதான் முதல்முறையாக உள்ளே இருக்கிற பல் எல்லாவற்றையும் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

இப்போது நான் கூப்பிட வேண்டியதில்லை. போத்தலைத் தானே கொண்டுபோய்ப் பெத்தம்மா ஆண்ட்டியிடம் கொடுத்துவிட்டாள். "பாப்பாக்கு குடுங்க, நான் பெரிய புள்ள" என்றாளாம். அப்பா மிட்டாய் நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறாள். "வேணாம் தாத்தா, கறுப்பாயிடும்." அப்பாவுக்கு அதில் பாதிப் பெருமை, பாதி வருத்தம். போன வாரம் தன் பல்செட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "இங்க பாரு, தாத்தா பல்லு தண்ணியில போட்டா தானா வெள்ளையாவுது. ஒன்னதயும் கழட்டி குடுலா, சேத்து ஊற வெக்கிறேன்" என்றார். அவள் சிரித்ததில் வாய் நன்றாகத் திறந்தது. வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு கேட்டு நாளாகிவிட்டது. அப்பாகூட மறந்துபோய், "அப்படியே அவ அம்மா சிரிப்பு" என்றுவிட்டு எழுந்து வெளியே போனார்.

நீ சந்தோஷப்படுவாய் என்றுதான் இதையெல்லாம் எழுதுகிறேன். ஆனால் எனக்குப் பயமாகவும் இருக்கிறது. இரவு, காலை மட்டும் இல்லை, பள்ளி விட்டு வந்ததும் விளக்குகிறாள். டிவியில் விளம்பரம் வரும்போது விளக்குகிறாள். அழுத்தி அழுத்தித் தேய்க்கிறாள். நுரையில் ரத்தம் வருகிறது. மெல்லத் தேய்க்கச் சொன்னால், "மெல்ல தேச்சா மெல்லத்தான் வருவாங்க" என்கிறாள்.

பழுப்பு அப்படியேதான் இருக்கிறது. கரைந்த பல் இனி வெள்ளையாகாது என்று டாக்டர் அன்றைக்கே சொல்லிவிட்டார். அவள் கண்ணாடியில் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறாள். "கொஞ்சம் வெள்ளையாயிருக்கு" என்று சொல்லிவைக்கிறேன்.

ஜனவரிக்கு வந்துவிடு.

அகல்யா

*

19 ஜனவரி 2025

அகல்யா,

இதை நீ மட்டும் படி.

என்னை விடமாட்டார்களாம். ஜொகூரில் ஒரு பெரியவர் புகார் கொடுத்திருக்கிறாராம். அவர் இழந்த பணமும் என் கணக்கு வழியாகத்தான் போயிருக்கிறது. அது வேறு கேஸ். இங்கே முடிந்ததும் அங்கே கோர்ட்டுக்குக் கொண்டுபோவார்கள். இன்னும் எத்தனை பேர் புகார் கொடுப்பார்கள் என்று யாருக்குத் தெரியும் என்று லாயர் கேட்கிறார். என்னிடம் கேட்கிறார்.

உன் நவம்பர் கடிதத்தைத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன். 'ஆவென்று திறந்துகொண்டாள்' என்ற இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பக்கத்தில் படுக்கிற மலாய் அக்காவுக்கும் சொன்னேன். அவர் கை தட்டினார். இப்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

தாரணியிடம் ஒன்றும் சொல்லாதே. சீனப் பெருநாள் கழித்து என்று சொல். பஸ் டிக்கெட் கிடைக்கவில்லை என்று சொல். நீ படித்தவள், ஏதாவது சொல். பல் விளக்குவதை மட்டும் நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்.

இந்திரா

*

அலோர் காஜா
20 மார்ச் 2025

அக்கா,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. கோபம். யார்மேல் என்று தெரியவில்லை. பஸ் டிக்கெட் கிடைக்கவில்லை என்று நான்தான் அந்தப் பிள்ளையின் கண்ணைப் பார்த்துச் சொன்னேன், நீ இல்லை. சீனப் பெருநாள் பட்டாசு ஓய்ந்த பிறகு அவள் கேட்டாள்: "இன்னும் வெள்ளையாவலயா சித்தி? அதுனாலதான் வரலயா?" நான் "சீக்கிரம் ஆயிடும்" என்றேன். வேறு என்ன சொல்வது? பொய்க்குப் பொய் முட்டுக் கொடுத்துக்கொண்டே போகிறேன். நான் பட்டம் வாங்கியதற்கு இதுதான் பயன்.

வேறு செய்தி எழுதுகிறேன். மாசி மகத்துக்குச் சன்னாசிமலைக்குப் போனோம். அப்பா வேலைக்குப் போய்விட்டார். பெத்தம்மா ஆண்ட்டி, தாரணி, நான். நல்ல வெயில். காவடி வரும்போது அவளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டேன். மஞ்சள் சேலை கட்டிய ஓர் அம்மா, உதட்டுக்குக் குறுக்கே சின்ன வேல் குத்தி, பால்குடம் எடுத்து வந்தார். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. வாயிலிருந்து ஒரு சத்தம் இல்லை.

தாரணி என் காதில் கேட்டாள். "அவங்களுக்கு என்னா?"

"அது வாய்ப்பூட்டு. சாமிகிட்ட ஒன்னு கேட்டிருப்பாங்க. அது கெடைக்கணும்னு வாய தெறக்காம இருக்காங்க."

"கேட்டது கெடைக்குமா?"

"கெடைக்கும்னு நம்பித்தான் இருக்காங்க."

நன்றாக விளக்கிச் சொன்னேன் என்று எனக்குள் ஒரு திருப்தி. பிள்ளை கேள்வி கேட்டால் நம் அம்மா "சும்மா இரு" என்றுதான் சொல்வார். நான் அப்படி இருக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

வந்ததிலிருந்து அவள் யாரோடும் பேசவில்லை. பல் விளக்கவும் வாயைத் திறப்பதில்லை. நீ வராத கோபம் என்று விட்டுவிட்டேன். நானும் சின்ன வயதில் கோபம் வந்தால் பேசாமல் இருந்தவள்தானே. பள்ளியிலும் அப்படித்தான் இருக்கிறாளாம். டீச்சர், "இந்தப் பிள்ளை கொஞ்சம் கூச்சம் போல" என்றார். என்னைச் சொல்வதைப் போலவே இருந்தது. கஞ்சியையும் பாலையும் ஸ்ட்ரா வைத்து, உதட்டைக் குவித்து உறிஞ்சுகிறாள். அதனால் பசி இல்லை, பயப்படாதே.

நேற்றுக் காலை ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. லேசாகக் காய்ச்சல். பெத்தம்மா ஆண்ட்டி பார்த்ததும், "இது பொன்னுக்கு வீங்கிலா! இப்ப எல்லா புள்ளைங்களுக்கும் வருது. தங்கம் போட்டா தானா எறங்கிடும். கிளினிக்கெல்லாம் வேணாம், ஊசி போட்டா உள்ள எறங்கிடும்" என்றார். நம் இருவருக்கும் அம்மா அப்படித்தான் போட்டாராம். என் பட்டமளிப்புக்கு அப்பா வாங்கித் தந்த சங்கிலியைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டிருக்கிறேன். அவள் அதைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறாள். பார்க்க அழகாக இருக்கிறது.

இரண்டு நாளில் இறங்கிவிடும். கவலைப்படாதே.

அகல்யா

*

மலாக்கா
29 மார்ச் 2025

அக்கா,

ஆஸ்பத்திரி வார்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். தாரணி உயிரோடு இருக்கிறாள். அதை முதலில் படித்துவிடு. தூங்குகிறாள். வார்டில் நோன்புப் பெருநாளுக்குப் பச்சைத் தோரணம் கட்டியிருக்கிறார்கள். பாதிக் கட்டில்கள் காலி.

அது பொன்னுக்கு வீங்கி இல்லை. கடைவாய்ப் பல்லின் வேரில் சீழ். நாங்கள் தங்கம் போட்டு, மஞ்சள் பூசிக் காத்திருந்தோம். வீக்கம் கண் வரைக்கும் ஏறிவிட்டது. கண் திறக்கவில்லை. உடம்பு அனலாகக் கொதித்தது. அப்பாதான் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பெத்தம்மா ஆண்ட்டி, "அங்கமுத்தண்ணே, செருப்ப போடுங்க" என்று பின்னாலேயே கத்தினார். அவர் காதில் விழவில்லை.

இங்கே பார்த்த டாக்டர் நோன்பில் இருந்தார். உதடு காய்ந்திருந்தது. ஆனாலும் பொறுமையாகத்தான் கேட்டார். "இவ்வளவு வலியோடு இருந்திருக்கிறாள். ஒருமுறைகூட வலிக்கிறது என்று சொல்லவில்லையா?" சொல்லவில்லை என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. பிறகு கழுத்தில் இருந்த சங்கிலியைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

மயக்க மருந்து கொடுத்துச் சீழை எடுத்தார்கள். கெட்டுப்போன பற்களை எல்லாம் பிடுங்கிவிட்டார்கள். மேல்வரிசையில் முன்பக்கம் ஒன்றுமே இல்லை. பெரிய பல் முளைக்க இன்னும் இரண்டு மூன்று வருடம் ஆகுமாம்.

நான் எழுத வந்தது இது இல்லை.

மயக்கம் தெளிந்ததும் அவள் வாயைத் தொட்டுப் பார்த்தாள். பஞ்சு வைத்திருந்தார்கள். அவள் அழுவாள், வலிக்கிறது என்பாள் என்று காத்திருந்தேன். சன்னாசிமலையிலிருந்து வந்த பிறகு அவள் பேசிய முதல் பேச்சு இது:

"வாய தெறந்துட்டாங்களா சித்தி?"

"ஆமாம்மா. இனிமே வலிக்காது."

"அப்ப அம்மா வரமாட்டாங்க."

அக்கா, அவள் கோபத்தில் வாயை மூடவில்லை. வேண்டுதல் வைத்திருந்தாள். பல் விளக்கியும் நீ வரவில்லை. அதனால் வாய்ப்பூட்டுப் போட்டுக்கொண்டாள். நான் சொல்லிக்கொடுத்ததை அப்படியே. கன்னம் வீங்கி, பல் வேர் அழுகி, வலி என்று ஒரு சொல் சொல்ல வாய் திறந்தால் நீ வரமாட்டாய் என்று, அந்தப் பிள்ளை எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு கிடந்திருக்கிறாள். நான் பக்கத்தில் படுத்திருந்தேன். என்னைப் போலவே கூச்ச சுபாவம் என்று பெருமைப்பட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

அப்பா வார்டுக்கு வெளியே நிற்கிறார். உள்ளே வரமாட்டேன் என்கிறார். அவருக்கும் தெரிந்துவிட்டது. "இந்திராக்கு எழுது" என்றார். உன் பெயரைச் சொன்னார்.

அகல்யா

*

27 ஏப்ரல் 2025

அகல்யா,

தங்கம் போட்டாயா? யூனிவர்சிட்டியில் படித்தவள், பல் டாக்டரிடம் கூட்டிப் போனவள், அந்தப் பல்லில் குழி இருக்கிறது என்று தெரிந்தவள், பிள்ளைக்குக் கன்னம் வீங்கினால் தங்கம் போட்டு அழகு பார்த்தாயா?

இப்படி நாலு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன். போத்தலைக் கொடுத்தவள் நான். பல் விளக்கினால் அம்மா வருவாள் என்று சொல்லச் சொன்னவள் நான். உன் இடத்தில் நான் இருந்தாலும் அதே சங்கிலியைத்தான் போட்டிருப்பேன், என்னிடம் இருந்திருந்தால். பெத்தம்மா ஆண்ட்டியையும் ஒன்றும் சொல்லாதே.

ஜொகூர் கேசில் தண்டனை போட்டுவிட்டார்கள். பழைய தண்டனை முடிந்துவிட்டது, இது இப்போதுதான் தொடங்குகிறது. நான் வெளியே வருவதற்குள் தாரணி தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு போய்விடுவாள். இன்னொரு புகாரும் இருக்கிறதாம். அதைப் பற்றி நான் யோசிப்பதில்லை.

கீழே இருப்பது அவளுக்கு. நீ உட்கார்ந்து படித்துக் காட்டு. எதையும் மாற்றாதே. நடுவில் அழாதே. அவள் ஏதாவது கேட்டால் உண்மையைச் சொல். இனி அவளுக்கு ஒரு பொய் சொன்னால் உன்னை மன்னிக்கமாட்டேன். என்னையும்.

தாரணி,

அம்மா எழுதுகிறேன். அம்மா சிங்கப்பூரில் இல்லை. ஜெயிலில் இருக்கிறேன். என்னுடைய பேங்க் கார்டை ஒருவரிடம் கொடுத்தேன். கொடுக்கக் கூடாது. அது அம்மா செய்த தப்பு. நீ செய்த தப்பு இல்லை.

நீ பல் விளக்கினாய். நன்றாக விளக்கினாய். அதற்காக என்னை விடமாட்டார்கள். நீ வாயை மூடிக்கொண்டு இருந்தாய். அதற்காகவும் விடமாட்டார்கள். டாக்டர் உன் வாயைத் திறந்ததால் அம்மா வராமல் போகவில்லை. உன் வாய்க்கும் அம்மா வருவதற்கும் சம்பந்தமே இல்லை. சாமி உன்மேல் கோபமாக இல்லை.

நான் வர ரொம்ப நாள் ஆகும். உனக்குப் பெரிய பல் முளைத்த பிறகுதான் வருவேன். அந்தப் பல் உன்னுடையது. எனக்காக விளக்காதே. சித்தி கேட்டால் வாயைத் திற. எங்கே வலித்தாலும் உடனே சொல்.

அம்மா

*

அலோர் காஜா
1 ஜூன் 2025

அக்கா,

படித்துக் காட்டினேன். ஒரு சொல்லும் மாற்றவில்லை. பாத்ரூம் வாசலில் அவள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள், நான் தரையில். அப்பா சமையலறையில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றார், கேட்காத மாதிரி.

முடித்ததும் கடிதத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "ஜெயில்ல பிரஷ் குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க."

"யாரு வெளக்கி விடுவா?"

"பெரியவங்க அவங்களே வெளக்கிக்குவாங்க."

தலையாட்டினாள். பிறகு தலையைப் பின்னால் சாய்த்து வாயைத் திறந்தாள். முன்பக்கம் வெறும் ஈறு. மிச்சம் இருக்கிற பற்களுக்கு விளக்கிவிட்டேன். அழவில்லை. கடிக்கவில்லை. துப்பிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து ஒருநாளும் தவறவில்லை. இரவு ஒன்று, காலை ஒன்று, அதற்கு மேல் இல்லை. அழுத்தித் தேய்ப்பதில்லை. ரத்தம் இல்லை. கண்ணாடியைப் பார்ப்பதில்லை. மறுபரிசோதனைக்குப் போனபோது அந்தப் பல் டாக்டர் அவ்வளவு சந்தோஷப்பட்டார். "நல்ல பழக்கம் வந்துவிட்டது, அம்மா. எப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டார். நான் இவளுடைய அம்மா இல்லை, சித்தி என்று இந்தமுறை சொல்லிவிட்டேன். அம்மா எங்கே இருக்கிறார் என்பதையும் சொன்னேன். நினைத்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. அவர்தான் என்ன பேசுவது என்று தெரியாமல் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

தாரணி உன்னைப் பற்றிக் கேட்பதில்லை. ஜெயில் என்றால் எப்படி இருக்கும், எப்போது வருவாய், எதுவும் இல்லை. பள்ளிக்குப் போகிறாள், சாப்பிடுகிறாள், என்னோடும் பெத்தம்மா ஆண்ட்டியோடும் பேசுகிறாள். தாத்தாவோடு சிரிக்கக்கூடச் செய்கிறாள், கையால் வாயை மூடிக்கொண்டு. அதனால் இவள் தேறிவிட்டாள் என்று பெத்தம்மா ஆண்ட்டி சொல்கிறார். "புள்ளைங்க மறந்துரும்லா, நாமதான் போட்டு கொழப்பிக்கிறோம்." எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீ அவளிடம் உண்மையைச் சொன்னாய். அவள் உன்னை நம்பினாள். அதன் பிறகு உன்னை எதிர்பார்ப்பதை நிறுத்திவிட்டாள். உண்மையைச் சொன்னது தப்பு என்று நான் சொல்லவில்லை. வேறு வழி இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் உனக்கு ஃபோன் கொடுத்தபோது, "தாரணி எங்க? அவகிட்ட குடு" என்றாய். "தூங்கிட்டா" என்றேன். பொய் சொல்லக் கூடாது என்று நீ எழுதியிருந்தாய். ஆகையால் எழுதுகிறேன்.

அவள் தூங்கவில்லை. அப்போதுதான் விளக்கி முடித்திருந்தோம். ஃபோன் அடித்ததும், "அம்மா பேசுறாங்க, வா" என்று ஃபோனை அவள் பக்கம் நீட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள். திரும்பிப் போய், ஈரமாக இருந்த பிரஷை எடுத்து, பேஸ்ட் பிதுக்கி, மறுபடியும் விளக்க ஆரம்பித்தாள். வாய் நிறைய நுரை. பேச முடியாது என்று கையால் காட்டினாள். நீ நடுவில், "அது என்னா சத்தம்?" என்று கேட்டாய். நான் "தண்ணி" என்றேன். அது அவள் விளக்குகிற சத்தம்.

அவசரப்படாமல், நான் சொல்லிக்கொடுத்தபடி வட்டம் வட்டமாக, பல் இல்லாத இடத்திலும் சேர்த்து விளக்கிக்கொண்டே இருந்தாள். நீ அழுதது ஃபோனுக்கு வெளியே கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்கும்.

உனக்குக் கொடுத்த நேரம் முடிந்து லைன் அறுந்தது. நான் ஃபோனைக் கீழே வைத்ததைப் பார்த்த பிறகுதான் அவள் துப்பினாள்.

அகல்யா